வெள்ளக் கொட்டு

போன வாரம் நாம் விட்டுவந்தபோது, பஞ்சாலை பள்ளிக்கூட வாசலில் வாயடைத்து நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய பிள்ளைகளின் டிரம் பேண்டு வாசிப்பைக் கேட்டுவிட்டு ஜப்பான் அதிகாரி கை தட்டியிருந்தான். கை தட்டியதோடு போகவில்லை. ஓர் உத்தரவையும் போட்டுவிட்டுப் போயிருந்தான்.

வியாழக்கிழமை காலை லோரி வரும். பிள்ளைகள் டிரம் அடித்துக்கொண்டு தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களையெல்லாம் சுற்றி வர வேண்டும். சத்தத்தைக் கேட்டுச் சனங்கள் பின்னாலேயே திடலுக்கு வருவார்கள். வந்தவர்களில் திடமான ஆண்களாகப் பார்த்து லோரியில் ஏற்றிவிடலாம். சயாம் காட்டில் ரயில் பாதை போடுவதற்கு.

இன்று வியாழக்கிழமை.

விடிந்ததிலிருந்தே நல்ல வெயில். கோலா சாவா ஊருக்கு அந்தப் பக்கம், ஆற்றை ஒட்டிக் கிடந்தது நாவக்காட்டுத் தோட்டம். பால் வெட்டு நின்றுபோய் ரப்பர் மரங்கள் சும்மா நின்றன. மரங்களுக்கு இடையில் மரவள்ளிக்கிழங்கு. அதைத்தான் தோட்டமே தின்றுகொண்டிருந்தது.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சருகைக் கூட்டித் தீ மூட்டி, பெரிய டிரம்மின் தோலைச் சூடு காட்டிக்கொண்டிருந்தான் சந்திரன். பஞ்சாலையின் கொழுந்தன். பதினெட்டு வயதுக்கு ஆள் வளர்ந்துவிட்டான். அவனுடைய அண்ணன் ராமகிருஷ்ணன், பஞ்சாலையின் கணவன், சித்திரையில் முதல் லோரியில் போனவன். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றுதான் அப்போது சொன்னார்கள். ஆடியும் வந்துவிட்டது. ஆளும் இல்லை, ஒரு சொல்லும் இல்லை.

"அண்ணி, இன்னிக்கு நா அடிக்கமாட்டேன்" என்றான் சந்திரன், தலையை நிமிர்த்தாமலே.

பஞ்சாலை தீயில் இன்னும் கொஞ்சம் சருகைப் போட்டாள்.

"என் கூட்டாளிங்கள நானே கொட்டு அடிச்சுக் கூப்பிட்டு லோரியில ஏத்தி விடணுமா? அதுக்கா இத்தனை நாளு ராப்பகலா கத்துக்கிட்டேன்?"

"அடிக்காட்டி என்ன ஆவும்னு தெரியுமில்ல? ஒன்னய மட்டுமா விடுவானுங்க? புள்ளைங்கள?"

சந்திரன் டிரம்மைத் தீயிலிருந்து தள்ளி வைத்தான்.

இந்த பேண்டு உருவான கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சண்டைக்கு முன்னால் தோட்டத்து வெள்ளைக்கார துரையிடம் பழைய வாத்தியார் ஒரு ஆர்மோனியப் பெட்டி கேட்டாராம். "பால் வெட்டப் போகிற பிள்ளைகளுக்குப் பாட்டு எதற்கு?" என்று துரை சிரித்தாராம். அதோடு சரி. வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொல்வதுதான் அந்தப் பள்ளிக்கூடத்தில் சங்கீதம்.

ஜப்பான்காரன் வந்தான். துரை ஓடிப்போனார். வாத்தியார் காய்ச்சலில் செத்துப்போனார். பலகை உடைந்தது. காகிதம் கிடையாது. சுண்ணாம்புக் கட்டி கிடையாது. வாத்தியாருக்கு ஒத்தாசையாக இருந்த பஞ்சாலை, நாற்பது பிள்ளைகளை மணலில் எழுத வைத்துக்கொண்டு தனியாக நின்றாள்.

அவள் சிரம்பானில் வளர்ந்தவள். அப்பா ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடத்துத் தோட்டக்காரர். சாயங்காலமானால் அங்கே மாணவர் படை பேண்டு பழகும். செம்பருத்தி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, சிறுமி பஞ்சாலை இரண்டு குச்சிகளால் வேலிக்காலைத் தட்டுவாள். யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. கேட்டுக் கேட்டே எல்லாம் கைக்கு வந்துவிட்டது.

எழுதுவதற்கு ஒன்றும் இல்லாத பள்ளிக்கூடத்தில் எதைச் சொல்லிக் கொடுப்பது என்று தவித்தவளுக்கு அந்தக் கை ஞாபகம் வந்தது. தாளத்துக்குக் காகிதம் வேண்டாம்.

மூடிக் கிடந்த அந்த ஆங்கிலப் பள்ளிக்கூடத்திலிருந்து மூன்று சின்ன டிரம்களைக் கேட்டு வாங்கி, மாட்டு வண்டியில் கிழங்குக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார் அவளுடைய அப்பா. மற்றதெல்லாம் தோட்டத்துச் சாமான்கள். பிஸ்கட்டு டின், மண்ணெண்ணெய்த் தகரம், கவிழ்த்த பால் வாளி. பெரிய டிரம் மட்டும் ஸ்டோரில் கிடந்த மரப்பீப்பாய். முனியாண்டிக்கு வெட்டிய கிடாயின் தோலைச் சந்திரன்தான் காயவைத்து இழுத்துக் கட்டினான். குச்சிகள் ரம்புத்தான் கிளை.

அந்தச் சாமான்களிலிருந்து அந்தப் பிள்ளைகள் எழுப்பிய சத்தத்தைக் கேட்டவர்கள் இன்னும் சொல்வார்கள். ஒற்றை ஆள் அடிப்பது போல இருக்கும். கிழங்கைத் தின்று வயிறு ஒட்டிப்போன பிள்ளைகள். கையைத் தூக்கினால் எலும்பு தெரியும். ஆனால் அத்தனை குச்சியும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். பெருக்கல் தெரியாத பிள்ளை தாளத்தில் பெருக்கலைக் கற்றுக்கொண்டது. திக்கிப் பேசும் மாரியம்மா எண்ணிக்கை சொல்லும்போது திக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கே வராதவர்கள்கூட வர ஆரம்பித்தார்கள்.

அப்படி வளர்த்ததைத்தான் இன்று லோரிக்கு ஆள் பிடிக்க அதிகாரி கேட்கிறான்.

மயிலம்மாள் வேகமாக வந்தாள். பஞ்சாலையின் மாமியார். கையில் ஒரு துணி மூட்டை. வந்தவள் மருமகளைப் பார்க்கவில்லை. நேராகத் தன் பிள்ளையிடம் போனாள்.

"சந்திரா, எந்திரி. கெழங்கும் உப்பும் கட்டியிருக்கேன். மலைக்கு ஏறிரு."

"அம்மா..."

"பேசாதே. ஒருத்தனக் குடுத்துட்டேன். போதும். பெரிய வெள்ளத்துக்கு ஏறி ஒக்காந்தோமே, அந்தப் பாறைக்குப் பின்னால போயிரு. ஒரு பயலும் அங்க வரமாட்டான்."

"நா ஒருத்தன் தப்பிச்சா போதுமாம்மா? லயத்துல உள்ளவங்க?"

"அவங்கவங்கள அவங்கவங்க ஆத்தா பாத்துக்குவா!"

பஞ்சாலை திரும்பி மாமியாரைப் பார்த்தாள்.

"அத்தே, இப்ப என்ன சொன்னீங்க?"

"ஏன், தப்பா சொல்லிட்டேனா?"

"வெள்ளத்துக்கு ஏறினோம்னு சொன்னீங்கல்ல?"

ஐந்து வருடத்துக்கு முன்னால் ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்தது. ஆபீஸ் வாசலில் தொங்கிய தண்டவாளத் துண்டை அப்போது விடிய விடிய அடித்தார்கள். அந்த அடி கேட்டால் சட்டி பானையைப் பார்க்கக் கூடாது, போட்டது போட்டபடி மலைக்கு ஏற வேண்டும். அந்த அடியை நாவக்காட்டில் மறந்தவர்கள் இல்லை.

பஞ்சாலை ஒரு குச்சியை எடுத்து, பெரிய டிரம்மின் விளிம்பில் மெல்லத் தட்டினாள்.

தொம்... தொம்... தொதொ தொம்.

மயிலம்மாளின் கை தானாக மூட்டையை இறுக்கிப் பிடித்தது. சந்திரன் எழுந்து நின்றுவிட்டான்.

"நாலு எண்ணிக்கைதான்" என்றாள் பஞ்சாலை. "நம்ம மார்ச்சு நடையும் நாலு எண்ணிக்கை. சின்ன டிரம் எல்லாம் மார்ச்சையே அடிக்கட்டும். பெரிய டிரம் மட்டும் இத அடிச்சா ரெண்டும் ஒட்டிக்கிட்டே போவும். கேக்கிறவனுக்கு எல்லாம் ஒரே பேண்டுதான். நம்மாளுக்கு மட்டும் வெள்ளம்."

"வெயிலு கொளுத்துது, வெள்ளம்னா எவன்டி நம்புவான்?" என்றாள் மயிலம்மாள்.

"நம்ப வேணாம் அத்தே. யோசிச்சா போதும்."

பிறகு மயிலம்மாளுக்கு இன்னொன்று புரிந்தது.

"அப்ப பெரிய டிரம்ம யாரு அடிக்கிறது?"

"நாந்தாம்மா" என்றான் சந்திரன். "வேற யாராலயும் அதத் தூக்கிட்டு நடக்க முடியாது. ஆத்து லயம் வரைக்கும் கேக்கணும்ல."

"அப்ப நீ மட்டும் திடல்ல நிப்ப."

அவன் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டான். மயிலம்மாள் அவனை அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கையால் அவன் கழுத்தில் முறுக்கிக் கிடந்த வாரைச் சரிசெய்தாள். மூட்டையைத் தரையில் போட்டுவிட்டு, கிழங்குக் கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நா முன்னால போறேன். யோசிக்கத் தெரியாத கழுதைங்களும் லயத்துல இருக்குதுங்க."

பஞ்சாலைக்கு இன்னும் ஒரு வேலை இருந்தது. சின்ன டிரம்களுக்குத் தலைவி திலகம். ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி குலசேகரத்தின் மகள், பன்னிரண்டு வயது. கெமாஸிலிருந்து அப்பாவுக்கு வேலை மாறி வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. வெள்ளத்தைப் பார்க்காதவள். பஞ்சாலை அவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"திலகம், இன்னிக்கு பெரிய டிரம் வேற மாதிரி அடிக்கும். நீ அது பின்னால போகக் கூடாது."

"ஏன் டீச்சர்?"

"கேக்காதம்மா. தெரியாம இருக்கிறதுதான் ஒனக்கு நல்லது."

பெண் அவள் முகத்தையே சற்று நேரம் பார்த்தாள். புத்திசாலிப் பெண்.

"சரி டீச்சர். அது எப்பிடி அடிச்சாலும் நான் என்ர தாளத்தை விடமாட்டன்."

*

லோரி வந்து திடலில் நின்றது. அதிகாரிக்கு நாற்காலி போட்டார்கள். ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் முருகையா கையில் பிரம்போடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். லயங்களைச் சுற்றிவரும்போது கூடவே நடக்கச் சொல்லி அவருக்கு உத்தரவு.

அவரைக் கண்டதும்தான் பஞ்சாலைக்கு உறைத்தது. முருகையா இந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். வெள்ளத்தின்போது இருந்தவர். எப்படி மறந்தாள் அவரை?

"என்னா வாத்தியாரம்மா, கெளம்பலாமா?"

இனி நிறுத்த முடியாது. அவள் கையை உயர்த்தினாள்.

சின்ன டிரம்கள் எழுந்தன. தகரங்கள் சேர்ந்தன. மார்ச்சு புறப்பட்டது. மேட்டு லயத்துத் திருப்பம் வரும்வரை சந்திரனும் மார்ச்சையே அடித்தான். திருப்பத்தில் அண்ணியைப் பார்த்தான். அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

தொம்... தொம்... தொதொ தொம்.

மேட்டு லயத்தில் வேடிக்கை பார்க்க வாசலுக்கு வந்தவர்கள் சிரித்த முகத்தோடு வந்தார்கள். ஒரு கிழவர் சிரிப்பை நிறுத்தினார். குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த ஒருவன் ஈரம் சொட்டச் சொட்ட நிமிர்ந்தான். வானத்தைப் பார்த்தான். ஒரு மேகமும் இல்லை. பெரிய டிரம்மைப் பார்த்தான். திடல் பக்கம் நின்ற லோரியைப் பார்த்தான்.

மயிலம்மாள் கூடையோடு குறுக்கே போனாள். "என்னா வெயிலு, என்னா வெயிலு! வெள்ளம் வந்தாத்தான் தணியும்போல இருக்குலா" என்று யாருக்கோ சொல்வது போலச் சத்தமாகச் சொன்னாள்.

தோளில் பிள்ளையை வைத்திருந்த ஒருவன் அதை இறக்கி மனைவி கையில் கொடுத்தான். வேட்டியை மடித்துக் கட்டினான். வீட்டுக்குள் போனான். பின்வாசல் அங்கேதான் இருந்தது. யாரும் ஓடவில்லை. ஓடினால் மண்டோர் பார்ப்பார். ஒவ்வொருவராக, ஏதோ மறந்துபோனதை எடுக்கப் போவதுபோல உள்ளே போனார்கள். பெண்கள் வாசலில் நெருங்கி நின்று மறைத்துக்கொண்டார்கள்.

கோயில் லயம் தாண்டும்போது ஆபத்து வந்தது. பெரிய டிரம்மின் இழுப்பு பலமானது. பால் வாளி அடித்த பிள்ளைகள் அறியாமல் அதன் பின்னால் போகத் தொடங்கினார்கள். இரண்டு தாளமும் கலைந்தால் எல்லாம் வெளிச்சமாகிவிடும். பஞ்சாலை வாயைத் திறப்பதற்குள் திலகத்தின் குரல் எழுந்தது.

"ஒண்டு! ரெண்டு! மூண்டு! நாலு!"

கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள். குச்சிகளைத் தலைக்கு மேலே தூக்கி எல்லாருக்கும் தெரியும்படி அடித்தாள். மாரியம்மா அவளோடு சேர்ந்து எண்ணினாள். வாளிகள் தடுமாறின, பிடித்துக்கொண்டன, மறுபடி ஒன்றாயின. மேலே மார்ச்சு கலகலவென்று போக, அடியில் வெள்ளம் நிதானமாக வந்துகொண்டிருந்தது. பஞ்சாலைக்குப் பயத்துக்கு நடுவிலும் உடம்பு சிலிர்த்தது. சிரம்பானில் அந்த வேலிக்கு அப்பால்கூட இப்படி ஒரு வாசிப்பை அவள் கேட்டதில்லை.

ஆற்று லயத்தின் முனையில் முருகையா சட்டென்று நின்றார்.

பெரிய டிரம்மின் குச்சியையே பார்த்தார். பிறகு லயத்தைப் பார்த்தார். வாசல்களில் பெண்கள் மட்டும். பிரம்பு அவர் கையில் ஒருமுறை அசைந்தது.

சந்திரன் அடியை நிறுத்தவில்லை. அவன் நெற்றியிலிருந்து வேர்வை டிரம் தோலில் சொட்டியது.

முருகையா பிரம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு மறுபடி நடந்தார்.

*

திடலில் பிள்ளைகள் வளையம் கட்டி, விரிந்து, சக்கரம் போலச் சுழன்று, அதிகாரிக்கு முன்னால் நேர்கோடாக வந்து நின்றார்கள். கடைசி அடி விழுந்தபோது ஒரு குச்சிகூடப் பிந்தவில்லை. அதிகாரி சப்பாத்துக் காலால் தாளம் போட்டுக்கொண்டே இருந்தான். எழுந்து கை தட்டினான்.

பிறகு கூட்டத்தைப் பார்த்தான். பெண்கள், கிழவர்கள், கைக்குழந்தைகள். முகம் மாறியது.

அவனோடு வந்த மொழிபெயர்ப்பாளன் கத்தினான். "ஆம்பளைங்க எல்லாம் எங்கே?"

திடலே முருகையாவைப் பார்த்தது.

"மேக்காட்டுல புதுசா கெழங்கு போட நேத்தே நாந்தான் அனுப்பினேன்" என்றார் முருகையா. "இன்னிக்கு வந்துருவாங்கன்னு நெனச்சேன்."

அதிகாரி அவர் அருகில் போய்க் கன்னத்தில் அறைந்தான். தலைப்பாகை விழுந்தது. முருகையா குனிந்து எடுக்கவில்லை. அப்படியே நின்றார்.

அதிகாரியின் கண் திடலைச் சுற்றி வந்து சந்திரன் மேல் நின்றது. அங்கே இருந்த ஒரே இளவட்டம் அவன்தான். மெல்ல நடந்து வந்தான். தோளை அமுக்கிப் பார்த்தான். கையைத் தூக்கிப் பார்த்தான். மயிலம்மாள் கூட்டத்திலிருந்து ஓரடி எடுத்து வைத்தாள். பக்கத்தில் நின்ற பெண்கள் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அதிகாரி பீப்பாய்த் தோலை விரலால் சுண்டினான். சத்தம் அவனுக்குப் பிடித்திருந்தது. சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னான்.

"நல்ல கொட்டு, இந்தத் தோட்டத்துலதான் ஆள் இல்லேங்கிறார்" என்று மொழிபெயர்த்தான் மற்றவன். "நாளைக்குக் காலையில லோரி புதுக்காட்டுத் தோட்டத்துக்குப் போவுது. அங்க ஆள் நெறைய இருக்கு. பேண்டு முழுக்க லோரியில வரணும். வாத்தியாரும், இந்தப் பையனும். ஒருத்தர் கொறையக் கூடாது."

லோரி வெறுமையாகத் திரும்பிப் போனது. நாவக்காட்டிலிருந்து அன்று ஓர் ஆள்கூட அதில் ஏறவில்லை.

பெண்கள் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டார்கள். திலகத்தின் உள்ளங்கை கொப்புளம் கட்டி உடைந்திருந்தது. பஞ்சாலை அதைத் தன் முந்தானையால் ஒற்றினாள்.

"டீச்சர், நான் விடேல்லைத்தானே?"

"விடல கண்ணு. நீ மட்டும் விட்டிருந்தா..." பெண்ணை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

முருகையா தலைப்பாகையை உதறிக் கட்டிக்கொண்டு அவளைக் கடந்து போனார். நின்றார். கன்னத்தில் விரல் பதிந்திருந்தது.

"வாத்தியாரம்மா, ஆத்து லயத்துல வர்றப்ப ஆத்தப் பாத்தேன். தண்ணி முட்டிக்காலுக்குக்கூட இல்ல."

கோபமா, கேலியா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. அவர் பதிலுக்கும் காத்திருக்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்குள் சந்திரன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"அண்ணி, புதுக்காட்டுக்காரங்களுக்கு இந்த அடி தெரியாது. மேட்டுல இருக்கிறவங்க. அவங்களுக்கு ஏது வெள்ளம்? நாம அடிச்சா நெசமாவே வேடிக்கை பாக்க வந்துருவாங்க."

பஞ்சாலை அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். இங்கே காப்பாற்றிய அதே வாசிப்பு அங்கே பிடித்துக் கொடுக்கும். எவ்வளவு நன்றாக வாசிக்கிறார்களோ அவ்வளவு கூட்டம் சேரும்.

காலையில் கீழே போட்ட மூட்டையை மயிலம்மாள் தேடி எடுத்தாள். மண்ணைத் தட்டிவிட்டுத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அங்க என் தங்கச்சி வள்ளிநாயகி இருக்கா. இப்ப நடந்தா பொழுது சாயறதுக்குள்ள போயி, இந்த அடி கேட்டா ஒளிஞ்சுக்கணும்னு சொல்லிரலாம்."

"அத்தே, தனியாவா? வழியில சென்ட்ரிக்காரன் துப்பாக்கியோட நிப்பான்..."

"தங்கச்சிக்கு ஒடம்பு சரியில்லேன்னு சொல்லுவேன். கெழவிய என்னா பண்ணப்போறான்?" அவள் பஞ்சாலையின் எதிரில் வந்து நின்றாள். "காதால கேட்டிருக்கேன், கையால அடிச்சதில்ல. இன்னொருதரம் அடிச்சுக் காட்டு. அங்க போயி தப்பா சொல்லிறக் கூடாது பாரு."

பஞ்சாலை மேசையில் தட்டினாள். மாமியார் அதைத் தன் இடுப்பில் தட்டிப் பார்த்தாள். மூன்றாவது எண்ணிக்கையில் தவறியது. மறுபடி தட்டினாள். மறுபடியும் தவறியது. எரிச்சலோடு நாக்கைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை தட்டியபோது சரியாக விழுந்தது. சந்திரன் அந்த நாளில் முதல்முறையாகச் சிரித்தான்.

ரப்பர் மரங்களுக்கு நடுவே செம்மண் பாதையில் மயிலம்மாள் இறங்கி நடந்தாள். அவளுடைய வலது கை இடுப்பைத் தட்டிக்கொண்டே போவதை இருவரும் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வளைவில் மறைந்தாள்.

ஆபீஸ் பக்கத்திலிருந்து ஒரு சைக்கிள் வந்தது. மண்டோர் முருகையா. பள்ளிக்கூடத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், மயிலம்மாள் போன பாதையில் வேகமாக மிதித்துக்கொண்டு போனார்.